முப்பத்து மூணு அங்குல ஜம்பம்!

என் மச்சினனுக்கு (மனைவியின் ஒரே தம்பி. ஆகவே எங்கள் வீட்டில் அவனை எதிர்த்து யாரும் மூச்சு விடக் கூடாது) திடீரென்று ஜீப் பித்துப் பிடித்தது. மைலாப்பூரில் வேலை, மடிப்பாக்கத்தில் வீடு. வழியில் அவன் கடக்கிற மிகப் பெரிய மலை வேளச்சேரி மேம்பாலம். அதற்கு ஃபோர் வீல் டிரைவ் எதற்கு என்று கேட்டேன். அவன் என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்து, "அத்தான், இது வண்டி இல்லை... ஃபீலிங்!" என்றான்.

நாலு கை மாறி வந்த பழைய டீசல் ஜீப் அது. வாங்கிய மறுமாசமே அதன் 28 அங்குல டயர்களைக் கழற்றிவிட்டு, 33 அங்குலத்தில் நாலு பூதங்களை மாட்டினான். மட்கார்டில் உரசாமலிருக்க ஸ்பிரிங் பட்டைக்கடியில் கட்டை கொடுத்து உயரத்தை வேறு ஏற்றினான். வீட்டுக்காரி அதில் ஏற ஒரு முக்காலி தேவைப்பட்டது. பழைய டயர்கள் என் வீட்டு மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தன. ("கொஞ்ச நாளைக்குத்தான் அத்தான்!")

டயர் மாட்டினால் போதுமா? மலை வேண்டாமா? கொழுக்குமலை என்று முடிவானது. கூட நானும் வீட்டுக்காரியும். "போடிக்குத்தான் 2023-லிருந்து மெட்ராஸ்லேர்ந்தே ரயில் விட்டிருக்காங்களே, அதிலேயே போயிடலாமே" என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திண்டிவனம் தாண்டுகிற வரை ராஜ பவனி. பக்கத்தில் போகிற கார்களின் மண்டையை நாங்கள் பார்த்துக்கொண்டு போனோம். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. ஸ்பீடாமீட்டர் முள் 51-ல் நிற்கிறது. என் செல்போன் 60 என்கிறது. மச்சினன், "செல்போன் தப்பு" என்றான். வழியெல்லாம், "மைலேஜ் ரொம்பக் குறையுதே அத்தான்... பத்து கிலோமீட்டர் கூடத் தரலையே" என்றும் புலம்பிக்கொண்டு வந்தான். இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றுதான் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

தேனி தாண்டி, போடி தாண்டி, மலை ஆரம்பித்தது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே மாந்தோப்பு, மேலே மேகம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்க்க அப்படி ஒரு அழகு. ஆனால் பார்க்க விட்டால்தானே! மூணாவது கியரில் ஜீப் முக்கியது. ரெண்டாவதுக்கு இறக்கினால் கொஞ்ச தூரம் இழுத்து, 'கடகட'வென்று உடம்பை உதறியது. வளைவு வந்தால் முதல் கியர். முதல் கியரிலும் அது வளைவுக்குத் தேவையான வேகத்தைவிட வேகமாகத்தான் போவேன் என்று அடம் பிடிக்க, மச்சினன் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே வண்டியைத் திருப்பினான். நாலாவது வளைவில் ஒரு வாசனை. தீய்ந்த தேங்காய் ஓடு மாதிரி.

"யாரோ சமைக்கறாங்க" என்றான் மச்சினன்.

சமைந்துகொண்டிருந்தது எங்கள் கிளட்ச்.

பின்னால் வந்த ஒரு சரக்கு வேன், தலைக்கு மேல் மூட்டை அடுக்கிக்கொண்டு, ஹாரன் அடித்து எங்களை ஓவர்டேக் செய்தது. அதன் டிரைவர் எங்கள் டயரைப் பார்த்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். மூணு முறை நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்து, பூப்பாறை வழியாக சூரியநெல்லிக்குப் போனபோது இருட்டிவிட்டது.

* * *

கொழுக்குமலை ஒரு விசித்திரமான இடம். இருப்பது நம் தேனி மாவட்டத்தில். ஜீப் போகிற பாதை மட்டும் கேரளத்து சூரியநெல்லியிலிருந்து! நம் வீட்டுப் பரணில் ஏறப் பக்கத்து வீட்டு ஏணிக்குப் போய் நிற்கிற கதை. சுமார் 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம். அங்கே போய்ச் சூரிய உதயம் பார்ப்பதற்காகவே ஜனங்கள் விடியற்காலை நாலு மணிக்குப் பல் கூடத் தேய்க்காமல் கிளம்புகிறார்கள்.

"நம்ம வண்டியிலேயே போயிடலாம்" என்று மச்சினன் ஆரம்பித்தான். அங்கிருந்தவர்கள் சிரிக்கக் கூட இல்லை. உள்ளூர் ஜீப்பில்தான் போக வேண்டும். எங்களுக்கு வாய்த்தது, பெயின்ட் உதிர்ந்த ஒரு கிழட்டு ஜீப். டயரைப் பார்த்தால் எனக்கே பரிதாபமாக இருந்தது, ஒல்லியாக, உயரமில்லாமல்... மச்சினனின் பூதங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் பேரன் மாதிரி இருக்கும்.

"இது ஏறுமாண்ணே?" என்றான் மச்சினன், டிரைவரிடம்.

"ஏறும் தம்பி. அதை விடுங்க, நல்லா இறங்கும். கம்பியைப் பிடிச்சுக்கங்க."

பாதை என்று சொன்னேன் இல்லையா, அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாறைகளை ஒரு லாரியில் கொண்டுவந்து கவிழ்த்து, அதன் மேல் 'பாதை' என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் வீட்டுக்காரியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு தடவை தலை முட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கவனித்தேன், டிரைவர் அண்ணன் அவசரமே படவில்லை. ஃபோர் வீலைப் போட்டு, லோ கியரில் தள்ளி, ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டு போனார். வண்டி ஒவ்வொரு கல்லாக விசாரித்துக்கொண்டு ஏறியது.

உதயத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கீழே பஞ்சு மாதிரி மேகம், அதற்கு அடியில் எங்கேயோ நம் போடியும் தேனியும், அதைக் கிழித்துக்கொண்டு ஒரு ஆரஞ்சு வட்டம். வீட்டுக்காரி பத்து நிமிஷம் பேசவில்லை. இதைவிட நான் என்ன எழுதிப் புரியவைக்க முடியும்? மேலே 1930-களில் அமைத்த பழைய தேயிலைத் தொழிற்சாலையும் இருக்கிறது. டீ குடித்தோம். இறங்கினோம்.

நான் சொல்ல வந்தது இந்த இறக்கத்தைப் பற்றித்தான். ஒரு செங்குத்தான சரிவு. என் வயிற்றில் இருந்த டீ நெஞ்சுக்கு வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் திரும்பி, "சார், என் காலைப் பாருங்க" என்றார். பார்த்தேன். இரண்டு காலும் எந்தப் பெடல் மேலும் இல்லை! பிரேக் இல்லை, கிளட்ச் இல்லை. வண்டி தானாக, கோயில் பிரகாரம் சுற்றுகிற பாட்டி வேகத்தில், நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரு பிடிக்கறாங்க?" என்றேன், அசட்டுத்தனமாக.

"இன்ஜின் பிடிக்குது சார். நம்ம வண்டி நாப்பத்தி மூணுக்கு எட்டு."

ஏதோ பஸ் ரூட் நம்பர் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன்.

* * *

மதியம் எங்கள் ஜீப்பில் போடிமெட்டிலிருந்து இறங்கினோம். ஏறினபோதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்பது மச்சினனின் சித்தாந்தம். ரெண்டாவது கியர். ஆனால் வண்டி அதில் அடங்கவில்லை; ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக், நடுவில் பிரேக், எதிரே வண்டி வந்தால் பிரேக். ஐந்தாறு வளைவு இப்படி. மறுபடி வாசனை. இந்த முறை வேறு மாதிரி. கொல்லன் பட்டறை வாசனை.

அடுத்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மச்சினன் பிரேக்கை மிதித்தான். வண்டி வேகம் குறையவில்லை. மறுபடி மிதித்தான். பெடல் போகிறது, வண்டியும் போகிறது. கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அதே வளைவுக்கு ஏறி வந்துகொண்டிருந்தது.

"அத்தான்..." என்றான். அந்தக் குரலை அவன் எல்.கே.ஜி. படித்தபோது ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் அஞ்சு விநாடி. 'கரகர'வென்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியர் விழுந்தது. ஹேண்ட் பிரேக்கை நான் இரண்டு கையாலும் இழுத்தேன். அவன் ஸ்டியரிங்கை மலைப் பக்கமாக ஒடித்தான். முன் டயர் சாக்கடைப் பள்ளத்தில் இறங்கி, பாறையில் மோதி, ஜீப் நின்றது. பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நாலு சக்கரத்திலிருந்தும் புகை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இன்னொரு பக்கம் ஒடித்திருந்தால்... அந்தப் பக்கம் மூட்டளவு சுவர் ஒன்றுதான்.

வீட்டுக்காரி இறங்கினாள் (முக்காலி இல்லாமலே). ஒரு கல் மேல் உட்கார்ந்தாள். தம்பியைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது. அரை மணி கழித்துப் போடிக்கு இறங்குகிற பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டினாள், ஏறினாள், போய்விட்டாள்.

* * *

பிரேக் ஆறிய பிறகு முதல் கியரிலேயே ஊர்ந்து போடிக்கு வந்தோம். ஊர் எல்லையில் ஒரு ஒர்க் ஷாப். மெக்கானிக் பாய்க்கு அறுபது வயசிருக்கும். கதையை முழுக்கக் கேட்டார். பிரேக்கைப் பார்ப்பார் என்று நினைத்தால், ஒரு சாக்பீஸை எடுத்தார்.

"தம்பி, இந்த வண்டியில கிரவுன் என்ன ரேஷியோ?"

மச்சினன் விழித்தான். டயருக்கு எந்த ஊர் கம்பெனி, எத்தனை பிளை, எல்லாம் தெரியும். இது தெரியாது.

பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கினார். மற்றதற்குக் கல் அண்டை கொடுத்தார். கியரை நியூட்ரலில் வைத்தார். தூக்கிய டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, கீழே சுற்றுகிற புரொபெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. "நீங்க அக்கவுன்ட்ஸ்தானே சார்? எண்ணுங்க" என்று என்னை வண்டிக்கடியில் தள்ளிவிட்டார். அவர் டயரை 10 சுற்று சுற்றினார். ஷாஃப்ட் 24 சுற்றும் ஒரு காலுக்கு மேலும் சுற்றியது. 2.44! பெருமையோடு சொன்னேன்.

பாய் சிரித்தார். "ஒரு சக்கரம் தரையில நிக்குதில்ல? அப்ப டிஃபரன்ஷியல் கணக்கைப் பாதியாக்கிடும். ரெண்டால பெருக்குங்க."

4.88.

விஷயம் இவ்வளவுதான். இன்ஜினிலிருந்து வருகிற ஷாஃப்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம்: பினியன். அது சுற்றிவிடுகிற பெரிய பல்சக்கரம்: கிரவுன். பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல் என்றால் 39-ஐ 8-ஆல் வகுக்க 4.88. அதாவது ஷாஃப்ட் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 43-க்கு 8 என்றால் 5.38. (டிரைவர் அண்ணன் சொன்ன பஸ் ரூட்!) இன்னும் அதிகம் சுற்ற வேண்டும், வேகம் குறையும், இழுவை கூடும்.

இந்த இரண்டு நம்பருக்கும் ஒரு வரலாறே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு 4.88. போர் முடிந்து 1945-ல் அதே கம்பெனி விவசாயிகளுக்காக விட்ட ஜீப்புக்கு 5.38. சிப்பாய்க்கு ஓட வேண்டும். குடியானவனுக்கு ஏர் இழுக்க வேண்டும். அந்தக் குடியானவன் ஜீப்பில் லோ கியரும் முதல் கியரும் போட்டால் இன்ஜின் 36 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. இன்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றினாலும் வண்டி மணிக்கு நாலு கிலோமீட்டர்கூடப் போகாது. பாட்டி வேகம். 1947-ல் இந்தியாவில் மஹிந்திரா பூட்ட ஆரம்பித்ததும் இந்த வில்லிஸ் வம்சத்து ஜீப்பைத்தான்.

"சரி பாய், 4.88 நல்ல நம்பர்தானே? மலையில் ஏன் காலை வாரிச்சு?"

"மூட்டை தூக்கிட்டு மலை ஏர்றவன் நீள நீளமா எட்டு வைப்பானா, குட்டிக் குட்டியா வைப்பானா சார்? உங்க பழைய டயர் ஒரு சுத்துக்கு 2 மீட்டர் 23 சென்டி போகும். இது 2 மீட்டர் 63. எட்டை நாப்பது சென்டி நீட்டிட்டீங்க. அதே இன்ஜின், அதே பல்லு, அதே மூட்டை!"

எனக்கு இப்போது கணக்கு ருசித்துவிட்டது. 4.88-ஐ 28-ஆல் பெருக்கி 33-ஆல் வகுத்தேன். 4.14. அதாவது மச்சினன் பளபளவென்று டயர் மாட்டிய அன்றைக்கே, தனக்குத் தெரியாமல், வண்டியின் பல்லில் ஆறில் ஒரு பங்கைப் பிடுங்கிவிட்டான். ஸ்பீடாமீட்டர் ஆறில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியதும் அதனால்தான். ஓடிய தூரத்தையும் குறைத்தே எழுதியிருக்கிறது. மைலேஜ் புலம்பலில் பாதி அங்கே போயிற்று!

இறக்கத்தில் இது இரட்டை அடி. இன்ஜின் பிடிக்கிற பிடி குறைந்தது. போதாததற்கு, பிரேக் டிரம் அதே சைஸ். டயர் மட்டும் பெரிசு. அதே மிதிக்குத் தரையில் கிடைக்கிற பிடியும் ஆறில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் கைவிட்டதை பிரேக் சுமந்து, சூடேறி, அதுவும் கைவிட்டது.

"லோ கியர் போட்டிருக்கலாமே?" என்றான் மச்சினன், ஈனஸ்வரத்தில்.

"இந்த வண்டியில லோ போடணும்னா ஃபோர் வீலும் சேர்ந்து விழும் தம்பி. வளைவுல முன் சக்கரம் ஒரு தூரம் போகும், பின் சக்கரம் ஒரு தூரம். மண்ணுல சறுக்கிச் சரி பண்ணிக்கும். தார் ரோட்டுல எங்க சறுக்கும்? ஜாயின்ட்டு முறுக்கிக்கும். அதனாலதான் கிரவுன் சரியா இருக்கணும்ங்கறது. அது எல்லா கியர்லயும் உங்க கூடவே வரும்."

"அப்ப என்ன ரேஷியோ போடணும் பாய்?"

கணக்கைத் திருப்பிப் போட்டேன். 4.88-ஐ 33-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் 5.75. பழைய குணம் வேண்டுமென்றால் அது வேண்டும். கையில் கிடைப்பது 5.38. அது 31 அங்குல டயர் வரைக்கும்தான் ஈடு கட்டும், 33-க்குப் பத்தாது. அதுவும் கணக்கு டயரின் உயரத்தை மட்டும்தான் பார்க்கிறது. பெரிய டயர் கனமும் கூட. அதனால் கணக்குக்கு மேலே ஒரு படி போவதுதான் வழக்கம். அமெரிக்க ஜீப் கம்பெனி ரூபிகான் மாடலில் 33 அங்குலத்துக்கு 4.10 வைத்திருந்தது. 2021-ல் அதே மாடலுக்கு 35 அங்குலம் கொடுத்தபோது, கணக்குப்படி 4.35 போதும், அவர்கள் கொடுத்தது 4.56.

அதற்காக எல்லோரும் 5.38-க்கு ஓடவும் முடியாது. 28 அங்குல டயரோடு டாப் கியரில் 80 கிலோமீட்டர் போனால், 4.88-ல் இன்ஜின் நிமிஷத்துக்கு 2,900 சுற்று, 5.38-ல் 3,200. ஹைவேயில் பழைய டீசல் இன்ஜின் தொண்டை கட்டிக் கத்தும். டீசலும் குடிக்கும். தவிர, அதே அளவு கிரவுனில் 39 பல் இருந்த இடத்தில் 43 பல் வெட்டினால் ஒவ்வொரு பல்லும் மெலியத்தானே செய்யும்? ஆக, எந்த நம்பர் நல்ல நம்பர் என்று கேட்பதில் அர்த்தமில்லை. பாய் கேட்டதுதான் கேள்வி.

"தம்பி, வண்டியை தினம் எங்க ஓட்டுறீங்க?"

மச்சினன் ரொம்ப நேரம் தன் டயரையே பார்த்தான். "மடிப்பாக்கம் டு மைலாப்பூர்" என்றான்.

பாய் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். செலவைச் சொன்னார். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்; ஒன்று புதுசு ஒன்று பழசு கூடாது. ஷிம் வைத்து இடைவெளி சரி பார்த்து, பல்லில் சாயம் தடவி எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து உட்கார வைக்க வேண்டும், அவசரப்பட்டால் ஊளையிடும். முக்கியமாக, பின்னால் மாற்றினால் முன் ஆக்ஸிலிலும் அதே ரேஷியோ மாற்றியாக வேண்டும். ஒன்று 4.88, ஒன்று 5.38 என்று வைத்துக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் மாமியார் மருமகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுத்து எதையாவது உடைத்துவிடும். செலவு ரெண்டு மடங்கு. அதற்கு மேல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பயம் வேறு: கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று.

"இல்லேன்னா பழைய டயரையே மாட்டிக்கங்க. பைசா செலவில்லை."

பழைய டயர் மடிப்பாக்கத்தில், என் மொட்டை மாடியில் இருக்கிறதே! பாய் எங்கிருந்தோ இரண்டாம் கை 28 அங்குல டயர் நாலு பிடித்துக் கொடுத்தார். பிரேக் லைனிங் மாற்றி, கிளட்ச்சைப் பார்த்து, மறுநாள் சாயங்காலம் கிளம்பினோம். திண்டுக்கல் தாண்டியதும் ஸ்பீடாமீட்டரைப் பார்த்தேன். 60. செல்போனைப் பார்த்தேன். 60. மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் பூதங்கள் நாலும் சீட்டை அடைத்துக்கொண்டு வந்தன. இடம் இல்லை என்பது ஒரு பிரச்னையாகவே இல்லை. வீட்டுக்காரிதான் ரயிலில் போய்விட்டாளே!

இப்போது என் மொட்டை மாடியில் எட்டு டயர்கள் இருக்கின்றன. பெரிய நாலில் ஒன்றில் வீட்டுக்காரி கறிவேப்பிலை வைத்திருக்கிறாள், நன்றாக வருகிறது. போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மச்சினனிடமிருந்து போன்.

"அத்தான்! பழைய ஜீப் சாமான் விக்கற ஒருத்தர்கிட்ட நாப்பத்தி மூணுக்கு எட்டு இருக்காம்! சல்லிசா தர்றாராம்!"

"முன்னாடிக்கும் சேர்த்தா?"

"இல்லை... பின் ஆக்ஸிலுக்கு மட்டும்தான். முன்னாடிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு..."

போனை அவன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.